ஆறு, ஓடை, ஏரி மீட்பைத் தொழிலாகக் கற்க: எந்த வழி யாருக்கு?

"நீர்நிலை மீட்புதான் இனி என் வேலை என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே போய்ப் படிப்பது?" இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. சிவில் முடித்துவிட்டுக் கட்டட வேலையில் மனம் ஒட்டாதவர்கள் ஒரு வகை. விலங்கியலோ தாவரவியலோ படித்து, பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்ப் போய் ஏரிக்கரையில் மனதை விட்டவர்கள் இன்னொரு வகை. அப்புறம், வார இறுதிகளில் ஏரி சுத்தம் செய்யும் குழுவில் சில வருடம் இருந்துவிட்டு, இதை முறையாகக் கற்க வேண்டும் என்று நினைக்கும் ஐ.டி. ஊழியர்களும் ஆசிரியர்களும். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால்தான் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முறையான பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றில் மீட்பு என்ற பெயரில் நடக்கும் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உள்வாய் முழுவதையும், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியை, ஒரே ஆழத்துக்கு வெட்டுகிறார்கள். ஓரத்தைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். நடுவில் மண்ணைக் குவித்துத் தீவு போட்டு மரம் நடுகிறார்கள். தண்ணீர் நிற்கிறது, படமும் நன்றாக வருகிறது. ஆனால் கணுக்கால் ஆழத்தில் இரை தேடும் உள்ளான்களுக்கும் முழங்கால் ஆழத்தில் நிற்கும் நாரைகளுக்கும் அங்கே இடமில்லாமல் போகிறது. வரத்துக் கால்வாய் அடைபட்டே கிடந்தால் அடுத்த வருடம் தண்ணீரும் இருக்காது. உழைப்பிலும் நல்லெண்ணத்திலும் குறை எதுவும் இல்லை. எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நடந்த 37,000-க்கும் மேற்பட்ட ஆற்று மீட்புத் திட்டங்களின் பதிவுகளைத் திரட்டி 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் பத்தில் ஒன்றில்தான் ஏதாவது அளவீடோ கண்காணிப்போ செய்ததாகக் குறிப்பு இருந்தது என்று காட்டியது. பணம் கோடிக்கணக்கில் செலவானது. ஆறு தேறியதா என்பதைச் சொல்லத் தரவு இல்லை.

## முதலில் அளவுகோல்கள்

எந்தப் படிப்பையும் பயிற்சியையும் கீழ்க்கண்ட கேள்விகளால் தட்டிப் பாருங்கள்.

தண்ணீரையும் மண்ணையும் கணக்கிடக் கற்றுத்தருகிறதா? இவ்வளவு மழைக்கு ஓடையில் எவ்வளவு வரும், ஏரி நிரம்பினால் நீர் வெளியேறும் கலிங்கில் எவ்வளவு வழியும், வண்டல் எங்கே படியும், கரை எங்கே அரிக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

உயிர்களை அடையாளம் காணக் கற்றுத்தருகிறதா? மீனும் பறவையும் கண்ணுக்குத் தெரியும். ஓடையின் உடல்நிலையைச் சரியாகச் சொல்வது கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மேஃப்ளை, காடிஸ்ஃப்ளை, தும்பி ஆகியவற்றின் இளம் பருவப் பூச்சிகள். எவை இருக்கின்றன, எவை காணாமல் போயின என்று பார்த்தாலே தண்ணீரின் கடந்த சில மாத நிலைமை புரியும். ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிவது அந்த நிமிடத்து நிலை மட்டும்.

கால் நனைகிறதா? வகுப்பறை நேரம் எவ்வளவு, ஓடைக்குள் நிற்கும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள்.

நம் நிலத்துக்குப் பொருந்துகிறதா? ஆற்று மீட்புப் பாடநூல்களில் பெரும்பாலானவை வருடம் முழுக்க ஓடும் குளிர்நாட்டு ஆறுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வைகையும் பாலாறும் மாதக்கணக்கில் மணலாகக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் சில நாட்களில் பெருகி ஓடுபவை. ஒன்றின் கலிங்கு நீர் அடுத்ததற்கு வரத்தாகும் தொடர் ஏரிகளுக்கு அந்தப் பாடநூல்களில் அத்தியாயமே இருக்காது.

மக்களும் சட்டமும் பாடத்தில் உண்டா? ஆக்கிரமிப்பு, மீன்பிடி உரிமைக்கான மீன்பாசி ஏலம், ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகளின் உரிமை, 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் இவையெல்லாம் தெரியாமல் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ள முடியாது.

கடைசியாகச் செலவு. கட்டணம் மட்டுமல்ல, படிக்கும் காலத்தில் விட்டுக்கொடுக்கும் சம்பளமும் செலவுதான்.

இவற்றில் முதல் இரண்டுதான் இந்தத் தொழிலின் இரு பாதிகள். இரண்டையும் சம அளவில் தரும் ஒரே படிப்பு நம் பக்கத்தில் இல்லை. ஆகவே என் கருத்து இதுதான்: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பாதியை மெருகேற்றும் படிப்பைத் தேடாதீர்கள், இல்லாத பாதியைத் தரும் படிப்பைத் தேடுங்கள். கீழே உள்ள எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறேன்.

## வழி 1: நீர்வளப் பொறியியலில் எம்.இ., எம்.டெக்.

கிண்டி பொறியியல் கல்லூரி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம், சென்னை ஐ.ஐ.டி.யின் சிவில் துறை, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் பாதுகாப்புப் பொறியியல் ஆகியவை தெரிந்த இடங்கள். ஐ.ஐ.டி.க்கு, பொறியியல் முதுகலைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் மதிப்பெண் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு கேட் அல்லது மாநில அளவிலான சீட்டா தேர்வு. கேட் தேறிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைப்பதால் இரண்டு வருடச் செலவு ஓரளவு சமாளிக்கக்கூடியதே.

இந்த வழியின் பலம் கணக்கு. நீரியல், திறந்த கால்வாய் ஓட்டம், வண்டல் நகர்வு, நிலத்தடி நீர் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் ஹெக்-ராஸ் மென்பொருளில் ஓர் ஆற்றை வரைந்து, வெள்ளம் எங்கே ஏறும் என்று காட்டத் தெரிந்தவரின் பேச்சுக்கு அரசு அலுவலகத்தில் எடை உண்டு.

பலவீனமும் அதே கணக்கிலிருந்துதான் வருகிறது. கால்வாய் ஓட்டத்துக்கு எல்லோரும் பயன்படுத்தும் மேனிங் சமன்பாட்டில் தரையின் கரடுமுரடைக் குறிக்க ஓர் எண் உண்டு. கோரையும் நாணலும் வளர்ந்தால் அந்த எண் கூடும், ஓட்டத்தின் வேகம் குறையும். வெள்ளத்தைச் சீக்கிரம் கடத்துவது மட்டுமே நோக்கமானால் விடை தெளிவு: நாணலை அகற்று, கரையைக் கான்கிரீட்டாக்கு. ஆனால் அதே நாணலில்தான் மீன் குஞ்சுகள் ஒளிகின்றன, தும்பிகள் முட்டையிடுகின்றன, கரை மண்ணும் அதன் வேரால் நிற்கிறது. வேகம் குறைவதால் கீழே உள்ள ஊருக்கு வெள்ளம் ஒரே மூச்சில் போய்ச் சேராது. பொறியியல் பாடத்திட்டத்தில் நாணல் பெரும்பாலும் தடையாகத்தான் வருகிறது. இரண்டு வருடம் அப்படியே பழகிவிட்டால் பிறகு மாற்றிக்கொள்வது கடினம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று: படிப்பு முடியும்போது கிடைக்கும் வேலைகள் அணை, குழாய், மழைநீர் வடிகால் பக்கம் இழுக்கும். மீட்பு வேலைக்கு வர நீங்களாகத் திரும்ப வேண்டும். இன்னொன்று, வாசல் எல்லோருக்கும் திறந்ததல்ல. விலங்கியலோ தாவரவியலோ முடித்தவர்களுக்கு எம்.இ.யில் இடமில்லை.

அரசு வேலைதான் இலக்கு என்றால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2021இல் தனித் துறையான நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர டி.என்.பி.எஸ்.சி. கேட்பது இளநிலைப் பொறியியல் பட்டம்தான். மாநிலத்தின் சுமார் 14,000 பெரிய ஏரிகள் அந்தத் துறையிடம் இருக்கின்றன. மதிப்பீட்டில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் ஓடையை உயிருள்ளதாகப் பார்க்கும் ஒருவர் உட்கார்ந்தால் நடக்கக்கூடிய நன்மைக்கு ஈடே இல்லை. திருச்சி துவாக்குடியில் உள்ள பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையமும் அப்படி உள்ளே வந்தவர்களுக்குப் பணிக்காலப் பயிற்சி தருகிறது. ஆக, அங்கே போக நினைப்பவர்கள் எம்.இ.க்குச் செலவிடும் இரண்டு வருடத்தைத் தேர்வுக்கும் சூழலியல் கற்பதற்கும் பிரித்துக்கொள்வதே மேல் என்று நினைக்கிறேன்.

## வழி 2: நன்னீர்ச் சூழலியலில் எம்.எஸ்சி.

டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் நன்னீர்ச் சூழலியலுக்கென்றே தனி எம்.எஸ்சி. ஒன்றைத் தூய்மை கங்கைத் தேசிய இயக்கத்தின் ஆதரவோடு கொண்டுவந்தது. நம் நாட்டில் பெயரிலேயே நன்னீரைத் தாங்கி வரும் படிப்புகள் அபூர்வம் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். இடங்கள் குறைவு. சேர்க்கை அறிவிப்பை அந்தந்த வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை, உதகை அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உள்ள வன உயிரியல் படிப்புகள் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. மீன்கள்மேல் ஆர்வம் என்றால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இங்கே கிடைப்பது மாதிரி எடுக்கும் முறை, புள்ளியியல், இனங்களைப் பிரித்தறியும் கண். ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மீன்தொட்டிகளிலிருந்து தப்பிய டேங்க் கிளீனரும் நம் குளங்களில் நாட்டு மீன்களை எப்படி ஓரங்கட்டுகின்றன என்பதைப் பொறியியல் வகுப்பில் யாரும் சொல்லமாட்டார்கள். நெல்லைப் பக்கம் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் பிடுங்கி எறிவதற்கு முன் எந்த மரத்தில் எந்தக் கூடு இருக்கிறது, மாற்றாக நாட்டுக் கருவேலம் வளர எத்தனை வருடம் ஆகும் என்று யோசிக்கும் பழக்கம் இந்தப் படிப்பில்தான் வருகிறது.

குறை என்ன? பெரும்பாலான வன உயிரியல் படிப்புகளில் யானையும் புலியும் காடும்தான் மையம். நன்னீர் ஒரு பகுதியாக வந்து போகும். விண்ணப்பிக்கும் முன் அங்கே பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் ஆறு, குளம் பற்றி ஆய்வு செய்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். படிப்பின் பெயரைவிட அதுதான் முக்கியம். டேராடூன் என்றால் டால்ஃபினும் முதலையும் ஆமையும் வாழும் இமய ஆறுகளே எடுத்துக்காட்டாக இருக்கும். நம் ஊர்க் கண்மாய்க்கு நீங்களேதான் பாலம் போட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பட்டத்துக்குப் பின்னால் வருகிறது. முதல் சில வருடங்கள் ஒப்பந்த அடிப்படையில் திட்ட உதவியாளர் வேலைதான் கிடைக்கும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஓட்டத்தைக் கணக்கிடத் தெரியாத சூழலியலாளரை, வடிவமைப்பு முடிந்த பிறகு "எந்த மரம் நடலாம்?" என்று கேட்பதற்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். இந்த அவமதிப்பு இன்றும் நடக்கிறது, இதை மாற்ற வேண்டும். அதற்கு எம்.எஸ்சி. படிக்கும்போதே நீரியல் ஒரு பாடம் எடுத்துக்கொள்வதுதான் வழி.

## வழி 3: வெளிநாட்டுக் கூட்டு முதுகலை

நன்னீரையும் ஈரநிலத்தையும் மீட்பையும் சேர்த்துத் தரும் படிப்புகள் ஐரோப்பாவில் இருக்கின்றன. அவற்றில் நம்மவர்களுக்குப் பொருத்தமாக எனக்குப் படுவது வியன்னாவின் போக்கு (BOKU) பல்கலைக்கழகம், கென்யாவின் எகர்டன் பல்கலைக்கழகம், நெதர்லாந்தின் ஐ.எச்.இ. டெல்ஃப்ட் மூன்றும் சேர்ந்து நடத்தும் நன்னீரியல், ஈரநில மேலாண்மைக் கூட்டு எம்.எஸ்சி. பிடித்ததற்குக் காரணம் கென்யா. ஆல்ப்ஸ் ஓடையையும் டச்சுக் கால்வாயையும் பார்ப்பவர் வெப்பமண்டல ஏரியையும், அதை நம்பி வாழும் மீனவர்களையும் மேய்ச்சல்காரர்களையும் பார்த்தாக வேண்டும். வறட்சியும் கட்டுக்கடங்காத மழையும் அங்கே அன்றாட விஷயம். நம் அளவுகோல்களில் நான்காவதை இவ்வளவு மதிக்கும் வெளிநாட்டுப் படிப்பு குறைவு. டெல்ஃப்ட் நிறுவனம் 1957 முதல் வளரும் நாடுகளின் நீர்த்துறைப் பணியாளர்களுக்குக் கற்பித்து வருவது. வகுப்பில் உட்காருபவர்களில் பலர் ஏற்கெனவே தம் நாட்டில் வேலை பார்த்தவர்கள். பக்கத்து நாற்காலியிலிருந்தே நிறையக் கற்கலாம்.

செலவு கனமானது. கட்டணம் போக, விசாவுக்காக வங்கியில் காட்ட வேண்டிய தொகை, மூன்று நாடுகளுக்கு இடையிலான பயணம், மூன்று முறை வீடு தேடுவது எல்லாம் சேரும். பட்டியல் சமூக மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் அதற்குத் தகுதி என்ற நிபந்தனைகளைப் படித்த பிறகு விண்ணப்பியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு கடன். கடன் வாங்கிப் போனவர் திரும்பி வந்து ஒரு மாவட்டத் தொண்டு நிறுவனத்தின் சம்பளத்தில் அதை அடைக்க முடியாது. அதனால் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாமிரபரணிக்காகத்தான் படிக்கப் போகிறேன் என்று சொல்பவர் உதவித்தொகை இல்லாமல் கிளம்ப வேண்டாம். இரண்டு, மூன்று வருடக் கள வேலைக்குப் பிறகு விண்ணப்பித்தால் உதவித்தொகைக்கான வாய்ப்பும் கூடும், வகுப்பில் கேட்க நல்ல கேள்விகளும் கையில் இருக்கும்.

## வழி 4: குறுகிய காலப் பயிற்சிகள்

வேலையை விடாமல் கற்க முடியும் என்பதால் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது இதுதான். இதில் மிக நல்லதும் இருக்கிறது, ஆபத்தானதும் இருக்கிறது.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டேவ் ராஸ்ஜன் என்ற முன்னாள் வனத்துறை நீரியலாளர் 1994இல் ஆறுகளை வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தும் முறை ஒன்றை வெளியிட்டார். சரிவு, அகல ஆழ விகிதம், வளைவு, படுகைப் பொருள் ஆகியவற்றை அளந்து ஆற்றுக்கு ஓர் எழுத்தும் எண்ணும் தருவது அது. அதைக் கற்பிக்கும் சில நாள் பயிற்சிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. பல அரசுத் துறைகள் அந்தப் பயிற்சியைத் தகுதியாகவே எதிர்பார்க்கத் தொடங்கின. எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று கிடைத்தது உண்மை. ஆனால் வகை தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. கலிபோர்னியாவின் யுவாஸ் ஓடையை அந்த வகைப்பாட்டை வைத்து, அழகான வளைவுகளோடு 1995 நவம்பரில் திருத்தி அமைத்தார்கள். 1996 பிப்ரவரி வெள்ளத்தில் அது அடித்துப் போனது. அந்த ஓடை தன் வரலாற்றில் வளைந்து வளைந்து ஓடியதல்ல, பல கால்களாகப் பிரிந்து ஓடியது என்பதைப் பழைய பதிவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் பிறகு எடுத்துக்காட்டினார்கள்.

நமக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அந்த முறையின் அடித்தளம், கரை தளும்ப ஓடும் வெள்ளம். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த வெள்ளம்தான் ஆற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது கணிப்பு. மேலே தடுப்பணை, பக்கத்தில் மணல் அள்ளிய பள்ளம், சில வருடம் வறண்டு ஒரு வருடம் பொங்கும் மழை என்று இருக்கும் நம் ஆறுகளில் அந்தக் கரைக்கோட்டைக் கண்டுபிடிப்பதே பெரும் பாடு. ஆகவே, சில நாட்களில் ஆற்றை வடிவமைக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் எந்தப் பயிற்சியானாலும், உள்நாடோ வெளிநாடோ, அதை ஒரு கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள். தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, நல்லவை எவை? புனேயின் அக்வாடம் நிலத்தடி நீர், ஊற்று நீர்ப் பகுதிகள் பற்றிக் களத்தோடு சேர்ந்த பயிற்சிகள் நடத்துகிறது. மலை ஓடைகளில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இது மிகவும் உதவும். மழை இல்லாத மாதங்களில் ஓடைக்கு உயிர் கொடுப்பது பாறை இடுக்கிலிருந்து கசியும் நீர்தானே. வீட்டிலிருந்தே கற்க ஐ.ஐ.டி.களின் என்பிடெல் இணைய வகுப்புகள் இருக்கின்றன. நீரியல், ஆற்றுப் பொறியியல், சூழலியல் என்று பாடங்கள் உண்டு. பார்ப்பது இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். சூழலியல் படித்தவர் தனக்கு இல்லாத கணக்குப் பாதியைத் தொடங்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது.

மறைந்திருக்கும் செலவு சிதறல். ஆளுக்கு நான்கு சான்றிதழ் இருக்கும், ஒரு ஓடையைக்கூட ஒரு வருடம் தொடர்ந்து அளந்திருக்க மாட்டார்கள். பயிற்சி முடிந்த வாரமே கற்றதைப் பயன்படுத்த ஒரு நீர்நிலை கையில் இல்லாவிட்டால் எல்லாம் மறந்துபோகும்.

## வழி 5: ஓர் அமைப்பில் சேர்ந்து களத்தில் கற்பது

மதுரையின் தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து கண்மாய் விவசாயிகளை வயலகம் என்ற சங்கங்களாகத் திரட்டி வேலை செய்கிறது. அதோடு சேர்ந்த டாடா-தான் அகாடமியில் வளர்ச்சி மேலாண்மையில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. சென்னையில் கேர் எர்த் டிரஸ்ட் பள்ளிக்கரணை உள்ளிட்ட ஈரநிலங்களில் நீண்ட காலமாக உழைக்கிறது. கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை நீலகிரியின் ஊற்றுகளையும் சதுப்புகளையும் கவனிக்கிறது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலைப் பாதுகாப்பு மையம் மணிமுத்தாறில் இருந்துகொண்டு தாமிரபரணிப் பகுதியின் குளங்களையும் நீர்ப்பறவைகளையும் பார்த்துக்கொள்கிறது.

ஐந்தாவது அளவுகோலை, அதாவது மக்களையும் சட்டத்தையும், இங்கேதான் கற்க முடியும். மடையைத் திறக்கும் நீர்க்கட்டிக்குத் தன் கண்மாயில் எந்த மாதம் எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் என்பது தெரியும். அவரிடம் எப்படிக் கேட்பது, அவர் சொன்னதை எப்படி வரைபடத்தில் ஏற்றுவது என்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக இல்லை. மீன்பாசி ஏலம் எடுத்தவர் தண்ணீரை வற்றவிட்டு மீன் பிடிக்க விரும்புவார். கடைமடை விவசாயி இன்னும் ஒரு நனைப்புக்குத் தண்ணீர் வேண்டும் என்பார். ஆடு மேய்ப்பவருக்கு உள்வாயில் புல் வேண்டும். இவர்கள் மூவரையும் ஒரு மரத்தடியில் உட்கார வைக்கத் தெரியாதவரின் வடிவமைப்பு காகிதத்தில்தான் நிற்கும். இந்தத் திறமையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் சமமாக மதிக்கிறேன்.

ஆனால் இங்கேயும் பள்ளங்கள் உண்டு. நிதி தருபவர்கள் கேட்பது எத்தனை ஏரி, எத்தனை மரக்கன்று என்ற எண்ணிக்கை. மூன்று வருடம் கழித்து அந்த ஏரி எப்படி இருக்கிறது என்று அளக்கப் பணம் தருபவர்கள் குறைவு. அப்படிப்பட்ட சூழலில் வேகமாக வேலை முடிக்கப் பழகலாம், அளக்கப் பழக முடியாது. சம்பளமும் குறைவு. சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் மீட்ட நீர்நிலை ஒன்றின் முன் அளவீடும் பின் அளவீடும் காட்ட முடியுமா?" தயங்காமல் எடுத்துக் காட்டும் இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேரலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | நீர், மண் கணக்கு | உயிர் அறிவு | களம் | மக்கள், சட்டம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| பொறியியல் முதுகலை | மிக நன்று | குறைவு | நடுத்தரம் | குறைவு | அணை, குழாய் வேலைகளின் இழுப்பு |
| சூழலியல் முதுகலை | குறைவு | மிக நன்று | நன்று | நடுத்தரம் | ஒப்பந்த வேலை, நிலையில்லாத வருமானம் |
| வெளிநாட்டுக் கூட்டுப் பட்டம் | நன்று | மிக நன்று | நன்று | நம் சட்டம் இல்லை | கடன், திரும்பி வர முடியாமை |
| குறுகிய காலப் பயிற்சி | பயிற்சியைப் பொறுத்தது | பயிற்சியைப் பொறுத்தது | பெரும்பாலும் குறைவு | குறைவு | சான்றிதழ் சேரும், தொடர்ச்சி இருக்காது |
| அமைப்பில் களப்பணி | குறைவு | அமைப்பைப் பொறுத்தது | மிக நன்று | மிக நன்று | குறைந்த சம்பளம், எண்ணிக்கை நெருக்கடி |

## தொழில்முறைச் சான்று வேண்டுமா?

சூழல் மீட்புக்கான பன்னாட்டுச் சங்கம் 2017 முதல் மீட்புப் பணியாளர்களுக்குச் சான்றளிக்கிறது. முழுச் சான்றுக்குத் துறை சார்ந்த படிப்போடு ஐந்து வருட முழுநேர அனுபவம் வேண்டும். அனுபவம் சேராதவர்களுக்குப் பயிற்சி நிலைச் சான்று தனியாக உண்டு. பன்னாட்டு ஆலோசனை நிறுவனங்களில் வேலை தேடுபவர்களுக்கு இது பயன்படலாம். நம் மாநில ஒப்பந்தப் புள்ளிகளில் இதைக் கேட்பதில்லை. எனவே முதல் ஐந்து வருடத்தில் இதற்காகப் பணம் ஒதுக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த அமைப்பு எந்தெந்தப் பாடங்களைத் தகுதியாகக் கேட்கிறது என்ற பட்டியலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, உங்களிடம் எது இல்லை என்று சரிபார்க்கலாம்.

## யாருக்கு எது

சிவில் முடித்தவர் இன்னொரு பொறியியல் பட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு வருடம் ஐந்தாவது வழியில் போய், சூழலியலாளர் ஒருவரின் பக்கத்தில் நின்று வலை வீசி, பூச்சி பிரித்துப் பழகட்டும். அதற்குப் பிறகும் வண்டல் நகர்வு, வெள்ளக் கணிப்பு என்று ஆழமாகப் போக ஆசை இருந்தால் எம்.இ. செய்யட்டும். அப்போது நாணலைத் தடையாக மட்டும் பார்க்க மாட்டார். அரசுத் துறைக்குப் போக விரும்பினால் தேர்வுக்குப் படிப்பதும் ஏரிக்கரைக்குப் போவதும் சேர்ந்தே நடக்கட்டும்.

விலங்கியல், தாவரவியல் முடித்தவர் சூழலியல் எம்.எஸ்சி. போகலாம், ஆனால் நன்னீர் ஆசிரியர்கள் இருக்கும் இடமாகப் பார்த்து. கூடவே என்பிடெல்லில் நீரியல் ஒரு பாடம் கட்டாயம். ஏற்கெனவே எம்.எஸ்சி. முடித்தவர் இரண்டாவது எம்.எஸ்சி.யோ உடனடி பிஎச்.டி.யோ யோசிக்கும் முன், ஓட்டம் அளக்கவும் மட்டம் எடுக்கவும் கற்றுக்கொள்ளட்டும். மட்டம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை ஒரு சர்வேயரோடு நாலைந்து நாள் போய்ப் பழகினாலே ஏரியின் குறுக்குவெட்டு எடுக்க வந்துவிடும். வடிவமைப்புக் கூட்டத்தில் மரக்கன்றுக் கேள்விக்கு முன்பே பேச இடம் கிடைக்க, கையில் ஒரு குறுக்குவெட்டு வரைபடம் இருப்பது பெரிய உதவி. வெளிநாட்டுப் படிப்பு அதிகப் பலன் தருவதும் இவர்களுக்குத்தான், உதவித்தொகை கிடைத்தால்.

ஐ.டி. ஊழியரும் ஆசிரியரும் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஒரே ஏரிக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகும் பழக்கம். அளவீட்டுக்கு அதுதான் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக் கால்வாயில் நேரான ஒரு பகுதியைத் தேர்ந்து, பத்து மீட்டர் தூரத்தைக் குறித்து, அகலமும் ஆழமும் எடுத்து வையுங்கள். மழைக்குப் பின் கரையில் நின்றபடி ஆரஞ்சுப் பழம் ஒன்றை மிதக்கவிட்டு அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். கிடைக்கும் மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம். அதை அன்றைய நீர்மட்டத்துக்குரிய குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஏரிக்குள் வருகிறது என்ற எண் கையில் இருக்கும். கலிங்கு வழியும் நாள், கரையோரம் தெரிந்த பறவைகள், மதகடியில் பிடிபட்ட மீன்கள் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இரண்டு பருவமழைக்கான நோட்டு சேர்ந்த பிறகு எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று யோசியுங்கள். உங்களுக்குத் தெரியாதது எது என்பதை அந்த நோட்டில் காலியாகக் கிடக்கும் கட்டங்களே காட்டிக் கொடுத்துவிடும்.